எட்டாம் வரிசையில் நின்றவள்

சில்லா கிராமம், மயூர் விஹார்,
டெல்லி.
7 ஜூலை 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

பிரியா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் வழக்கம்போல் மக்கர் செய்கிறது. உனக்கு அந்த உயரத்தில் மூச்சு வாங்குவது குறைந்ததா? பட்டாளத்தில் உன் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் பேச விடுகிறார்கள். அந்த இரண்டு நிமிடமும் அம்மா அழுவதற்கே சரியாகிவிடுகிறது. எனக்குக் காகிதம்தான் மிச்சம்.

ஒரு செய்தி. மயூர் விஹார் தமிழ் அரங்கத்தில் பொங்கலுக்கு ஒரு இசை நாடகம் போடுகிறார்கள். பேர் 'கறுப்புச் சிப்பாய்'. முழுக்க முழுக்கச் செஸ். மேடை முழுவதும் அறுபத்து நான்கு கட்டம். முப்பத்திரண்டு பேரும் காய்கள். யானை நேராகத்தான் ஓடும், நேராகத்தான் பாடும். குதிரைகள் இரண்டு எட்டு வைத்துப் பக்கவாட்டில் ஒரு எட்டு, தாளமே அப்படித்தான். எழுதி இசையமைப்பவன் அஷ்வத். விளம்பரக் கம்பெனியில் வேலை, வயது இருபத்தேழு, செஸ் பைத்தியம். நான் பில் போடும் மருந்துக் கடைக்குத் தலைவலி மாத்திரை வாங்க வந்தான். கல்லாவில் நான் முணுமுணுத்த தமிழ்ப் பாட்டைக் கேட்டுவிட்டு, "நீங்க தமிழ் படிப்பீங்களா?" என்றான். "இங்க தமிழ் ஸ்கூல்லதான் படிச்சேன்" என்றேன். "ஆடிஷனுக்கு வாங்க. இதுவரைக்கும் வந்த எல்லாரும் பாட்டை இங்கிலீஷ்ல எழுதி வச்சுப் பாடறாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன். நீயும் நானும் மொட்டை மாடியில் சாக்கட்டியால் கட்டம் போட்டு, பாட்டில் மூடிகளைக் காய்களாக வைத்து ஆடினோமே, அந்த ஆட்டத்துக்கு யாரோ பாட்டு எழுதியிருக்கிறார்கள். எனக்கு மூன்று நாளாகத் தூக்கம் சரியில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். காலுறையை ஈரமாகப் போடாதே என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

உன் தங்கை,
பிரியதர்ஷினி


30 ஜூலை 2024

அன்புத் தங்கைக்கு,

செழியன் எழுதுவது. நலம். மூச்சு பழகிவிட்டது. எங்கே இருக்கிறேன் என்று எழுதக்கூடாது, மேலே வானமும் கீழே கல்லும் என்று வைத்துக்கொள்.

உன் கடிதத்தை நான்கு பேர் படித்துவிட்டார்கள். இங்கே மாலை நான்கு மணிக்கு மேல் செஸ்தான். எங்கள் ஹவில்தார் முத்து, மதுரைக்காரர், தோற்கும் சமயத்தில் குதிரையை மூன்றரைக் கட்டம் நகர்த்துவார். கேட்டால், "பனியில வழுக்கிருச்சுடா" என்பார். குதிரைக்குத் தனித் தாளம் என்று படித்துக் காட்டியதும் மனுஷன் எழுந்து ஆடியே காட்டிவிட்டார்.

போ, பாடு. அங்கே எவனுக்கும் உன்னைப்போல் பாட வராது. பாட்டு வரிகளை எழுதி அனுப்பு. அம்மாவுக்கு முழங்காலுக்குத் தைலம் வாங்கிக் கொடு.

இங்கே எல்லோரும் உன்னைக் கேட்டதாக எழுதச் சொல்கிறார்கள்.

இளஞ்செழியன்


8 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன், கை நிற்கவில்லை.

நான்தான் அந்தக் கறுப்புச் சிப்பாய்.

முதல் பாட்டில் வரிசையில் எட்டாவதாக நிற்பேன். ஓரத்துக் காய், யாரும் கவனிக்காதது. யானை வெட்டுப்படும், மந்திரி வெட்டுப்படும். நான் ஒவ்வொரு கட்டமாகப் போவேன்:

ஒரு கட்டம் முன்னே, ஒரு கட்டம் முன்னே,
திரும்பிப் பார்க்கக் கழுத்தில்லை எனக்கு.

கடைசியில் எட்டாம் வரிசையை மிதித்ததும் விளக்கெல்லாம் அணைந்து ஒரே ஒரு வெளிச்சம். சிப்பாய் ராணியாகிறாள். தலைத்துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பாட வேண்டும்:

எந்தத் திசை என்று இனிமேல் கேட்காதே,
நான் திரும்பும் பக்கமெல்லாம் திசை.

முத்து அண்ணனிடம் பாடிக் காட்டு, மெட்டு உனக்குத் தெரியாது, எப்படியாவது பாடு.

ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளைக் காய்கள் எல்லாம் சொசைட்டி ஃப்ளாட் பிள்ளைகள். கறுப்புக்கு ஆள் போதவில்லை என்று நம் கிராமத்துச் சந்திலிருந்து கூட்டிவந்தார்கள். அஷ்வத்திடம் கேட்டேன். "அப்படி அமைஞ்சு போச்சு" என்றான். எப்படி அமையும்? ஆனாலும் கதையில் கறுப்புதான் ஜெயிக்கிறது. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

வெள்ளை ராணி ஸ்ம்ருதி. நம் அம்மா பாத்திரம் தேய்க்கும் ராஜகோபாலன் சார் வீட்டுப் பேத்தி. அவர்தான் அரங்கத்துச் செயலாளரும். ஸ்ம்ருதிக்குப் பதினாறு வயது, நல்ல பெண். 'வாழ்க' என்பதை 'வாள்க' என்று பாடுகிறாள். நான் திருத்தினால், "தீதி, ரெண்டும் சேம்தானே" என்கிறாள். அக்கா என்பதுகூட அவளுக்கு இந்தியில்தான் வருகிறது.

பனிக்காலம் வருவதற்குள் ஒரு கடிதம் போடு.

பிரியா


2 அக்டோபர் 2024

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் பாட்டு இங்கே ஊர்ப்பாட்டாகிவிட்டது. தண்ணீர் சுமந்து ஏறும்போது 'ஒரு கட்டம் முன்னே' என்று பாடிக்கொண்டுதான் ஏறுகிறோம். பஞ்சாப்காரனும் பாடுகிறான். அர்த்தம் கேட்டான், சொன்னேன். "யே தோ ஹமாரா கானா ஹை" என்றான். நம்ம பாட்டுதானே இது என்கிறான். சிப்பாய்கள்தானே நாங்கள் எல்லோரும்.

அம்மாவோடு போனில் பேசினேன். ராஜகோபாலன் சாரிடம் மரியாதையாக நடந்துகொள். பெரிய மனிதர். அவர் ஏதாவது சொன்னால் எதிர்த்துப் பேசாதே. உன் வாய் எனக்குத் தெரியும்.

குளிர் ஆரம்பித்துவிட்டது. போன மாதம் ராஜவேலைக் கீழே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள், சேலத்துப் பையன், என்னோடு ஒரே கூடாரத்தில் இருந்தவன். சின்ன விஷயம்தான். அம்மாவிடம் சொல்லாதே.

மறுபடியும் சொல்கிறேன், சாரிடம் மரியாதையாக இரு.

செழியன்


10 நவம்பர் 2024

அண்ணாவுக்கு,

நீ நலமாக இரு. நாங்கள் இருக்கிறோம்.

நேற்று கமிட்டி ஒத்திகை பார்க்க வந்தது. எட்டாம் வரிசையில் நான் தலைத்துணியை அவிழ்த்ததும் ராஜகோபாலன் சார் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அஷ்வத், இது தப்பு. ரூல் என்ன? சிப்பாய் எட்டாவது வரிசைக்குப் போனா அதுவே ராணி ஆயிடாது. போர்டை விட்டு எடுத்துடுவா. அந்த எடத்துல வேற காய் வரும். ராணின்னு ஒரு காய் தனியா இருக்கோன்னோ?"

முப்பத்தாறு வருடம் மத்திய சர்க்காரில் ரூல் புத்தகத்தைப் புரட்டியவர். செஸ்ஸிலும் ரூல் பார்க்கிறார். பாழாய்ப்போன ரூலும் அப்படித்தான் இருக்கிறது, அதுதான் எரிகிறது. நீயே சொல், காயை மாற்றித்தானே வைக்கிறோம்?

"அதனால பிரியா எட்டாவது கட்டத்துல வந்து நமஸ்காரம் பண்ணிட்டு உள்ள போயிடட்டும். ஸ்ம்ருதி கிரீடத்தோட வருவா. அவளுக்கு அந்த சீன்ல வேலை இல்லை, வெள்ளை ராணிதான் முன்னாடியே வெட்டுப்பட்டாச்சே. டிரெஸ் மாத்திக்க நிறைய டயம் இருக்கு."

"சார், அந்தப் பாட்டை ஸ்ம்ருதியால..." என்றான் அஷ்வத்.

"பிரியா பின்னாடி நின்னு பாடட்டுமே. குரல் அதுதானே? யார் வேண்டாம்னா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். அஷ்வத் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்து என்னிடம் சொன்னான்: "பிரியா, ஹாலு, ஸ்பான்சர் எல்லாம் அவர் மூலமாத்தான் வருது. ப்ராக்டிகலா இருங்க." அவனுடைய தலைவலி மாத்திரையை அவன் மூஞ்சியில் எறியவில்லை, அவ்வளவுதான்.

ஏழாம் கட்டம் வரை நான் நடக்க வேண்டும். வெட்டுப்படாமல் தப்பிக்க வேண்டும். எட்டாவதில் அவள் வந்து நிற்பாள். என் தொண்டையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். நான் மாட்டேன் என்று சொல்லப் போகிறேன். நீ என்ன சொல்கிறாய்? சீக்கிரம் எழுது.

பிரியா


24 நவம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

கடிதம் நேற்று வந்தது. ஹெலிகாப்டர் கிளம்புவதற்குள் எழுதுகிறேன். நலம்.

பின்னால் நின்று பாடு. குரல் உன்னுடையது, கேட்பவர்களுக்குத் தெரியும். ரூல் அப்படித்தான் இருக்கிறது, அவர் ஒன்றும் பொய் சொல்லவில்லையே. நாடகம் இன்னொன்று வரும். இந்த ஒரு தடவை அண்ணன் சொல்வதைக் கேள். காரணம் கேட்காதே.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

செழியன்


15 டிசம்பர் 2024

அண்ணா,

காரணம் கேட்கவில்லை. காரணமே வந்து சொல்லிவிட்டது.

ராஜகோபாலன் வீட்டுக்குப் போனேன், நாடகத்திலிருந்து விலகுகிறேன் என்று சொல்ல. அம்மா சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"உக்காரும்மா. கோபமா இருக்கியோ? கோபப்படாதே. உங்க அண்ணா போஸ்டிங் விஷயம் என் மாப்பிள்ளை கையிலதான் இருக்கு, தெரியுமோன்னோ? கர்னல். ஒரு வார்த்தை சொல்லியிருக்கேன், மார்ச்சுல டெல்லிக்கே வந்துடுவான். நம்ம தமிழ்க் குடும்பம், ஒருத்தருக்கொருத்தர் செஞ்சுக்கறதுதான். உங்க அம்மா செப்டம்பர்லயே கேட்டா. ஏன் சாந்தகுமாரி, சொல்லலையா இவகிட்ட?"

உள்ளே கத்திச் சத்தம் நின்றது. அம்மா மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

அவர் மிரட்டவில்லை. எனக்குக் காபி கொடுக்கச் சொன்னார். என் அம்மாதான் போட்டுக்கொண்டு வந்தாள், என் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "உனக்கு எத்தினியோ பாட்டு வரும்டி. எனக்கு இருக்கிறது ஒரு புள்ள" என்றாள். நான் யார் என்று கேட்டேன்.

'மரியாதையாக இரு, மரியாதையாக இரு' என்று நீ எழுதியது இதற்குத்தான். செப்டம்பரிலிருந்து நீயும் அம்மாவும் என்னை வைத்து ஆடிக்கொண்டிருக்கிறீர்கள். பெரிய காயைக் காப்பாற்ற ஒரு சிப்பாயைக் கொடுத்துவிடலாம், மொட்டை மாடியில் நீ எத்தனை தடவை அப்படி ஆடி ஜெயித்திருக்கிறாய். ஆனால் மூடி அழாது, நீ கேட்டிருந்தால் நானே நகர்ந்திருப்பேன். கேட்கவில்லை. அதுதான்.

உனக்கு டெல்லி வேண்டும் என்று எழுத ஒரு வரி போதும். நீ ராஜவேல் சின்ன விஷயம் என்று எழுதினாய்.

பிரியதர்ஷினி


20 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. போனும் வரவில்லை. பனியால் லைன் வேலை செய்யவில்லை என்று அம்மாவுக்கு யாரோ சொன்னார்கள்.

நாடகம் பொங்கலன்று நடந்தது. கூட்டம் இருந்தது. பின்னால் நின்று பாடினேன். எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள். ஸ்ம்ருதிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள்.

தமிழ்ப் புத்தாண்டுக்கு லோதி ரோட்டில் பெரிய அரங்கத்தில் மறுபடியும் போடுகிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பிரியா


19 பிப்ரவரி 2025

அன்புத் தங்கைக்கு,

இரண்டு கடிதமும் ஒன்றாக, நேற்றுதான் கிடைத்தன. ஆறு வாரம் எதுவும் மேலே வரவில்லை. முதலில் நீ திட்டியதைப் படித்தேன். பிறகு ஜனவரிக் கடிதம். திட்டியது பரவாயில்லை, பிரியா. குதிரைகள் எப்படி ஆடும் என்று ஒரு பக்கம் எழுதியவள், நாடகம் நடந்ததை ஆறு வரியில் முடித்திருக்கிறாய். அதைத்தான் என்னால் படிக்க முடியவில்லை.

ராஜவேலுக்குப் பனியில் விறைத்துக் கால் விரல்கள் இரண்டு போய்விட்டன. வெட்டும்போது அவனுக்கு வலி தெரியவில்லையாம். செப்டம்பரில் அவனைக் கீழே கொண்டுபோன அன்றிலிருந்து என் விரல்களை ராத்திரி எண்ணிப் பார்த்துக்கொண்டு படுக்கிறேன். பயம்தான். வேறு ஒன்றும் இல்லை. உன்னிடம் எழுத வெட்கமாக இருந்தது. அம்மாவிடம் எப்படியாவது கீழே இறக்கு என்றேன். அவள் தனக்குத் தெரிந்த ஒரே பெரிய மனிதரிடம் போனாள்.

இப்போது சொல்லப்போவதைக் கேட்டுக் கத்தாதே. பக்கத்தில் யாரும் இல்லாதபோது படி.

போஸ்டிங் வந்துவிட்டது. டெல்லிதான், ஏப்ரல் கடைசி. பட்டியலைக் கொண்டுவந்த ஹெட் கிளார்க்கிடம், கர்னல் சாகேப்புக்கு நன்றி சொல்ல வேண்டும், எப்படி எழுதுவது என்று கேட்டேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "அரே, தேரா நாம் தோ அகஸ்த் சே பனா ஹுவா ஹை. கிஸ்கே பைர் பக்டே தூனே?" ஆகஸ்டிலிருந்தே உன் பேர் இருக்கிறதே, யார் காலைப் பிடித்தாய் என்று கேட்கிறான். மலையில் முறை முடிந்தவர்களை வரிசைப்படி இறக்குகிறார்கள். கீழே ஆபீஸில் ஆகஸ்டிலேயே எழுதிவிட்டார்கள், எங்களுக்குச் சொல்வது பிப்ரவரியில். எந்தக் கர்னலும் தொடவில்லை. அம்மா செப்டம்பரில் போய் நின்றபோது என் பேர் டெல்லிக்கு எழுதி ஒரு மாதம் ஆகியிருக்கிறது.

என்னுடையதை எனக்குத் தருவதாகச் சொல்லி உன்னுடையதை வாங்கிக்கொண்டார்கள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

முத்து அண்ணனிடம் அந்த ரூல் விஷயத்தைக் கேட்டேன். "எந்த மடையன் சொன்னான்? நம்மகிட்ட உபரி ராணியா இருக்கு? அதே சிப்பாய ராணின்னு சொல்லிட்டு ஆடிக்கிட்டுதான இருக்கோம். எவனுக்காச்சும் குழப்பம் வந்துச்சா?" என்றார்.

உனக்கு இனி நான் எதுவும் சொல்லமாட்டேன். எந்தக் கட்டம் என்று உனக்கே தெரியும்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்காமல் கடிதத்தை முடிக்கும்,
செழியன்
(நேரில் கேட்கிறேன். காகிதத்தில் கேட்டால் சுலபமாகப் போய்விடும்.)


17 ஏப்ரல் 2025

அண்ணா,

நலம். உண்மையாகவே நலம். நீ ரயில் ஏறுவதற்குள் இது கிடைக்க வேண்டும்.

கத்தவில்லை. அம்மாவிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். 'ஆகஸ்டிலிருந்தே' என்ற இடத்தில் இன்னொரு தடவை படி என்றாள். படித்தேன். மறுநாளும் எழுந்து அவர் வீட்டுப் பாத்திரத்துக்குப் போனாள். எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஒத்திகையில் நமஸ்காரம் பண்ணிவிட்டு உள்ளே போய்ப் பாடினேன். எல்லோருக்கும் திருப்தி.

லோதி ரோட்டில் புத்தாண்டன்று முன் வரிசை முழுக்கப் பெரிய ஆபீசர்கள். ஏழாம் கட்டம் வரை நடந்தேன். எட்டாவதை மிதித்தேன். வெளிச்சம் விழுந்தது. நமஸ்காரம் பண்ணவில்லை, நின்றேன். அஷ்வத் முன்னிசையை வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் நகரவில்லை. மறுபடியும் முதலிலிருந்து வாசித்தான். அவனுக்கு முதுகெலும்பு வந்ததா, வேறு வழி தெரியவில்லையா, இன்றுவரை தெரியாது.

ஸ்ம்ருதி கிரீடத்தோடு வந்து பக்கத்தில் நின்றாள். ஒரே கட்டத்தில் இரண்டு பேர்.

"தீதி, நீங்க போகணும்."

"நான் போகல."

"அப்ப யாரு பாடுவா?"

"நான்தான்."

"அப்ப நான் என்ன பண்றது?"

"தெரியல. அத உங்க தாத்தாகிட்ட கேளு."

ஒரு நிமிடம் யோசித்தாள். "அச்சா" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே போய்விட்டாள்.

தலைத்துணியை அவிழ்த்தேன். மைக் திரைக்குப் பின்னால் இருந்தது. மைக் இல்லாமல் பாடினேன். இரண்டாவது அடியில் ராஜகோபாலன் எழுந்து நின்று, "கர்ட்டன், கர்ட்டன் போடு" என்றார். இரண்டு பக்கத்திலிருந்தும் திரை வந்தது. கட்டங்களை மூடிக்கொண்டே வந்தது. நான் முன்னால் ஒரு எட்டு வைத்தேன், திரை என் முதுகுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. எட்டுக்கு அப்புறம் பலகை கிடையாது, அண்ணா. மேடையின் வெறும் மரத்தரையும் நானும் எதிரே ஆட்களும். அங்கே நின்று மீதிப் பாட்டைப் பாடினேன். கீபோர்டும் நின்றுவிட்டது. பேசிக்கொண்டிருந்த பின்வரிசைகள் கேட்பதற்காக அமைதியானதை என்னால் கேட்க முடிந்தது. கைதட்டினார்களா என்று கேட்காதே. சிலர் தட்டினார்கள், சிலர் எழுந்து போனார்கள், ஒருத்தர் நான் இறங்கும்போது "டிசிப்ளின் இல்லை" என்றார்.

ராஜகோபாலன் படிக்கட்டில் வழிமறித்தார். "உங்க அண்ணாவுக்கு நான் பண்ணினதுக்கு..."

"ஆகஸ்ட்லயே வந்துடுச்சு சார்" என்றேன். "நீங்க பண்ணினது ஒண்ணும் இல்ல."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. முகத்தில் ஆச்சரியமே இல்லை. அதை நன்றாகப் பார்த்துவிட்டு அவரைச் சுற்றிக்கொண்டு இறங்கினேன்.

மறுநாள் அம்மாவை வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பதினோரு வருட வேலை. கூடவே இன்னொரு ஃப்ளாட்டிலும் நிறுத்திவிட்டார்கள், அங்கே என்ன காரணம் என்று யாரும் சொல்லவில்லை. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்தப் பொங்கல் கைதட்டல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

இன்று காலை மாவைக் கரைத்துக்கொண்டே சொன்னாள்: "லோதி ரோட்லயும் கடசி வரிசையிலதான் உக்காந்திருந்தேன். முதல் ரெண்டு அடி சரியா கேக்கல. பாடு."

"இப்ப முடியாது. கோவமா இருக்கேன்" என்றேன்.

"கோவத்தோடயே பாடு."

பாடினேன். அடுப்பில் தோசை கருகியது, அவள் திருப்பவில்லை.

உன் வருகைக்கு ஸ்டேஷனில் நிற்போம்.

பிரியதர்ஷினி